தாளத்தில் உட்கார்ந்த விக்கல்

பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரத்துப் பிற்பகல் வெயில் கூரைத் தகரத்தைக் காய்ச்சுகிறது. பிலிப்பினோ இசையைக் கொண்டாடும் புதுப்பாடல் போட்டிக்குப் பாட்டை அனுப்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. நெனிதா எழுதிய புயல் பாட்டுக்கு இசை கோக்கும் ருஃபோ, வினிகரில் தோய்த்த பன்றித்தோல் வறுவலை மென்றபடி எண்ணெய் விரலால் கணினியைத் தட்டுகிறான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் அழுகிறாள். புயலில் மகளைப் பறிகொடுத்த பக்கத்துத் தெரு பசிங்கின் குரல் அது. "இது எப்படிடா உன்கிட்ட?" என்கிறாள் நெனிதா. ருஃபோ அவளை 'மனா', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். "மகளோட நினைவு நாள் ஜெபத்துக்குப் போனோமே மனா நெனி, அப்பவே சட்டைப் பையில போன்ல ரெக்கார்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு." பல்லிடுக்கில் சிக்கிய தோலை நகத்தால் நோண்டிக்கொண்டே சிரிக்கிறான். "இந்த விக்கலைக் கேளுங்க. தாளத்துல எப்படி உக்காருது! நடுவருங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே பரிசு குடுப்பாங்க." விக்கலை மட்டும் வெட்டி, நான்கு முறை அடுக்கி, மறுபடி ஓட விடுகிறான். மகளின் பெயரைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் பசிங் விக்கிய இடம் அது. வினிகரின் புளித்த வாடை நெனிதாவின் தொண்டை வரை ஏறுகிறது. கிதார் சேர்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. தன் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பதை அப்போதுதான் அவள் பார்க்கிறாள். காலை நிறுத்துகிறாள். எழுந்து அவன் கையைத் தள்ளிவிட்டு, பிசுபிசுக்கும் அழிப்பு விசையை அழுத்தி அழுகையை அழிக்கிறாள். "ஐயோ மனா, இது இல்லாம நம்ம பாட்டு முதல் சுற்றுகூடத் தாண்டாது!" "தாண்ட வேணாம். போனைக் குடு, அதுலயும் அழிக்கணும்." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.