மூன்று முதுகுகள்

"மூணு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல, ஒரே அளவு வலியா? என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

நர்ஸ் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மூன்று வரிகள். மூன்றும் சிவப்பு.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் டெய்லரும் நாற்காலியில் ஒடுங்கினார்கள். வேன் டிரைவர் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் உக்காருங்கண்ணே."

"வேணாம் சிஸ்டர். நாளெல்லாம் வண்டியில உக்கார்ற உடம்பு. நின்னாத்தான் சுகம்."

போன வருடம் மூவருக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரே மாதத்தில் கதிர் சிகிச்சை நடந்தது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த சினேகம். இப்போது அடிக்கடி மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் போனில் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். அப்படி இருநூறு ஆண்களின் பதில்களைப் பார்ப்பது நர்ஸின் வேலை.

இவர்கள் மூவரின் பதில்கள் மட்டும் 9.04, 9.05, 9.06 என்று வரிசையாக வந்து விழும். எல்லாமே பூஜ்யம். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரே மூன்று போனையும் வாங்கி நிரப்பிவிடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். திட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள்.

இந்தத் திங்கட்கிழமை, மூன்றிலும் 'முதுகுவலி: பத்துக்கு ஒன்பது.'

இந்த நோய் வந்தவர்களுக்கு முதுகில் புதிதாக வலி என்றால் விளையாட்டில்லை. முதுகெலும்புக்குப் பரவியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கால்களே செயலிழந்துவிடலாம். டாக்டர் மூவருக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் இன்றைக்கு ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். அடுத்த இடம் பதினோரு நாள் கழித்து.

"உண்மையைச் சொல்லுங்க. யாருக்கு வலி? டெய்லர் சார், உங்களுக்கு எங்க வலிக்குது?"

டெய்லர் இடுப்புக்கு மேலே வலது பக்கம் தொட்டுக் காட்டினார். "இங்கதான் சிஸ்டர். உயிர் போகுது."

"இப்பத்தான் இடது பக்கம் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தீங்க!"

"அது... நடக்குது சிஸ்டர். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"உங்களுக்கு, வாத்தியார் சார்?"

"பொதுவா எல்லா இடத்துலயும்."

"வாத்தியாரா இருந்துக்கிட்டு நீங்களே காப்பியடிக்க விடலாமா? டிரைவர் அண்ணே, உங்க கணக்குலயும் ஒன்பது இருக்கே!"

டிரைவர் கையை உதறினார். "எனக்கு ஒண்ணும் கிடையாது சிஸ்டர். வாத்தியாரு எனக்கும் சேர்த்து அடிச்சு விட்டிருப்பாரு. வண்டி ஓட்ட ஆள் வேணும்ல? தப்பிச்சோம் பிழைச்சோம்னு போனவன், இனி இந்த வாசலையே மிதிக்கறதில்லைன்னு இருந்தேன். நேத்து ரெண்டு பேரும் போன்ல அழாத குறை. சரி, தொலையுதுன்னு கூட்டிட்டு வந்தேன்."

கதவு திறந்தது. ஸ்கேன் எடுக்கிறவர் தலையை நீட்டினார். "யாரு வர்றீங்க? அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா வார்டுல இருந்து வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

"வாத்தியார் சார், எழுந்திருங்க."

வாத்தியார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குழாய்க்குள்ள படுத்தா எனக்கு மூச்சு முட்டும்மா. டெய்லரை அனுப்பு."

"ஐயோ, நானா? உள்ள இடி இடிக்கிற மாதிரி சத்தம் கேட்குமாம். யாராவது முதல்ல போய்ட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் நான் போறேன்."

"ஒரே இடம்தான்னு எத்தனை தடவை சொல்றது!" நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ச்சே, ஆம்பளைங்களா நீங்க?" டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு குழாய்க்குப் போயி இந்தக் கூத்தா? நகருங்க. நான் போய்ப் படுத்துக் காட்டுறேன். அதுக்கப்புறம் மூச்சு காட்டாம ரெண்டு பேரும் போகணும்."

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு? இருங்க..."

"பட்டியல்ல இவரும்தானே இருக்காரு? வாங்க சார்" என்றார் ஸ்கேன்காரர். "இரும்புச் சாமான் எதுவும் கூடாது. ஷூவையும் கழட்டிடுங்க."

டிரைவர் கடிகாரத்தையும் வண்டிச் சாவியையும் வாத்தியாரிடம் கொடுத்தார். டெய்லர் சட்டென்று தரையில் குந்தி, அவருடைய ஷூ நாடாக்களை அவிழ்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கழற்றினார். "பாரு, கால்ல விழறான் பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டே டிரைவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

நர்ஸ் வெடித்தாள். "இருந்தது ஒரே இடம்! அதையும் நல்லா இருக்கிற மனுஷனுக்குக் கொடுத்துட்டு உக்கார்ந்திருக்கீங்க. உங்கள்ல ஒருத்தருக்கு நிஜமாவே எலும்புக்குப் போயிருந்தா, பதினோரு நாள் தாங்குமா? அதுசரி டெய்லர் சார், ஒன்பது வலியோட எப்படி அப்படிக் குந்தி எழுந்தீங்க?"

டெய்லர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். வாத்தியார் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் வலியே கிடையாதும்மா. ஆறு வாரமா அவனாலதான் குனிஞ்சு ஒரு நாடா கட்ட முடியல. தனக்குன்னா சாகுற வரைக்கும் வரமாட்டான், எங்களுக்குன்னா உடனே வண்டியை எடுப்பான்."