புது உப்பு

மகன் பிரிட்டோ வளர்த்த மீன்களின் மேலெல்லாம் வெள்ளைப்புள்ளி கண்டிருந்தது. கல்லுப்பு போட்டால் போய்விடும் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். சுனாமியில் பிரிட்டோ போன பிறகு உப்பளத்தில் முதன்முதலாக வாரிய உப்பு வீட்டில் இருந்தது. சவரிநாதன் அதில் ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டார்.

புள்ளிகள் மறைந்தன. ஆனால் தினமும் காலையில் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிடும். தொட்டி ஒழுகவில்லை, தரை காய்ந்தே கிடந்தது. யாரும் ஊற்றாமலே சாயங்காலம் விளிம்புவரை ஏறிவிடும். மீன்கள் தம்பாட்டுக்கு நீந்தின.

இன்றும் இறங்கியிருந்தது. சவரிநாதன் குடத்தைத் தூக்கினார். "கொஞ்சம் ஊத்தட்டுமா மேரி?"

"வேணாங்க. போனது சாயங்காலம் வந்துடும்" என்றாள் அவர் மனைவி அருள்மேரி.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். அவள் கொடியிலிருந்து பிரிட்டோவின் துண்டை எடுத்து, உதறி மடித்து, தொட்டியோரம் வைத்தாள்.