முட்டுச்சந்து

“எல்லாரையும் முடிச்சாச்சு மாப்ள. இன்னும் ஒரே ஆள்தானே பாக்கி?” கீபோர்டைத் தட்டியபடி, கம்பெனியின் கம்ப்யூட்டர் வலையைப் பார்த்துக்கொள்ளும் வலைக்காரர் கேட்டார். பக்கத்து நாற்காலியில் மச்சினன் தலையை மட்டும் ஆட்டினான்.

கொலை இல்லை, கொலைக்குச் சித்தப்பா முறை. கம்பெனியில் ஆட்குறைப்பு. யார் யார் என்று மேலிடம் மச்சினனின் போனுக்குச் சொல்லும். அவர்களுடைய கம்ப்யூட்டர் இணைப்பை வலைக்காரர் வெட்ட வேண்டும்.

அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் வலையில் ஒரு தனித் தெரு. அவர் ‘விலான்’ என்பார். ஆபீசே ‘வில்லன்’ என்று கேட்டுக்கொள்ளும். எல்லாத் தெருத் தகவல் சரக்கும் நெற்றியில் தெருப் பெயரை ஒட்டிக்கொண்டு ‘ட்ரங்க்’ என்கிற ஒற்றைக் கேபிளில் முண்டியடித்துப் போகும். தெரு விட்டுத் தெரு தாண்ட ரவுட்டர் வழிவிட வேண்டும்.

இன்று புதிதாக ஒரு முட்டுச்சந்து போட்டிருந்தார். ட்ரங்கில் இடமில்லை, ரவுட்டரில் வழியில்லை. ஒருவருடைய கம்ப்யூட்டர் சொருகியிருக்கும் போர்ட்டை அதற்குள் தள்ளிவிட்டால் ஈ எறும்புகூட வெளியே வராது.

“கடைசி ஆளு கேஷியரம்மாவா? அப்படின்னா எனக்குக் கை வராதுடா. ஒத்தை ஆளா ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கறவங்க.”

“அவங்க இல்ல மாமா. அந்த ஒண்ணை நான் பாத்துக்கறேன். நீங்க போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

வலைக்காரர் விட்ட பெருமூச்சில் மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. இவனை இங்கே சேர்க்க அவர் மேலிடத்தின் காலில் விழாத குறை. பெண்டாட்டியின் தம்பி என்று பார்க்காமல், பெற்ற பிள்ளைபோல் வேலை சொல்லிக்கொடுத்தார். இன்று அவருடைய பாரத்தையே தாங்குகிறான்!

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், அவர் கம்ப்யூட்டரில் இணைப்பு செத்துக் கிடந்தது. எதைத் தட்டினாலும் அசையவில்லை.

வலைக்காரர் கட்டடமே அதிரச் சிரித்தார். “உக்காந்த கிளையையே வெட்டிட்டேன்டா! என் போர்ட்டையும் சேர்த்து முட்டுச்சந்துக்குள்ள தள்ளிட்டேன் போல. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. சீக்கிரம் மாத்தி விடு மாப்ள.”

மச்சினன் திரும்பவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

“நீங்க தள்ளல மாமா. நான்தான்.”