நிமிர முடியாத அறை
மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் அடியில், வீடு மதிப்பிட வந்த தேனுகா குனிந்து நிற்கிறாள். தலைக்கு மேலே ஹீற்றர்க் குழாய் கடகடக்கிறது. ஒற்றை மின்குமிழ் வெளிச்சத்தில் ஈரம் ஊறிய சுவரும் ஒரு மெத்தையும் ரைஸ் குக்கரும் தெரிகின்றன. அங்கே வாடகைக்கு இருக்கும் பாக்கியராசா, வேலைக்குப் போக, இருந்தபடியே ஜக்கெற்றுக்குள் கையை நுழைக்கிறார். சின்னக் கதவுக்கு வெளியே, பனிக்குள் நின்று வீட்டுக்காரர் கோணேஸ்வரன் குரல் கொடுக்கிறார். "பேஸ்மென்ற் எண்டு எழுதுங்கோ, பிள்ளை. வீட்டை விக்கப்போறன், நிலவறை இருக்கெண்டால் விலை கூடும்." "இது பேஸ்மென்ற் இல்லை, அண்ணை. பைப் திருத்திற ஆக்கள் தவழ்ந்து போற இடம். குறோல் ஸ்பேஸ் எண்டுதான் எழுதுவன்." "ஏன், ஆள் இருக்குதெல்லோ?"

தேனுகா அளவுநாடாவை நிலத்திலிருந்து மேல்மரம் வரை இழுக்கிறாள். அவளுடைய தோள் உயரம்கூட இல்லை. "உள்ள வாங்கோ, அண்ணை. வந்து ஒருக்கா நிமிர்ந்து நில்லுங்கோ. எழுதுறன்." கோணேஸ்வரன் அசையவில்லை. பாக்கியராசா முழங்காலால் ஊர்ந்து வெளியே போகிறார். இடுப்பில் கையூன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நிமிர்கிறார். வீட்டுக்காரரைவிட அவர் ஒரு தலை உயரம். மேலிருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "உள்ளதை எழுதுங்கோ, தங்கச்சி."