சுனைத் தண்ணீர் மரியாதை

"ஆதிமூலம், சாருக்குச் சுனைத் தண்ணி பாட்டிலு கொண்டா!"

சாப்பாட்டுக்கடை செல்லப்பன் பரிமாறுகிறவனுக்குக் குரல் கொடுத்ததும் ஜெயராமனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. செஞ்சி தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று மாதம்தான். அதற்குள் இவ்வளவு மரியாதை! மற்றவர்களுக்கெல்லாம் பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர். அவனுக்கு மட்டும் ராஜகிரி மலைச் சுனையில் பிடித்து, தக்கை அடைத்த கண்ணாடி பாட்டில். கூடவே ஒரு கண்ணாடித் தம்ளர்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க?" என்று முதல் நாளே கூச்சத்தோடு கேட்டுப் பார்த்தான்.

"படிச்சவங்க ஒடம்புக்குக் கெணத்துத் தண்ணி ஒத்துக்குமா சார்? சும்மா குடிங்க" என்று சிரித்தார் செல்லப்பன்.

ஒரு மிடறு இறங்கினால் போதும், ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மிதக்கும் மலை கிட்டே வந்துவிடும். கோட்டை மதில்மேல் அவன் அம்மா பட்டுச்சேலை சரசரக்க நடப்பாள். நாற்று நட்டு வெடித்த பாதங்களைச் சுனையில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இலையில் ரசம் ஓடுவதுகூட அவனுக்குத் தெரியாது. இருபத்து மூன்று வயசு, வேறெப்படி இருக்கும்!

அம்மா இதுவரை ஓட்டல் படி ஏறியதில்லை. ஒரு நாளாவது அவளை இங்கே உட்கார வைத்து, இந்த மரியாதையைக் கண்ணாரப் பார்க்க வைத்துவிட வேண்டும். படித்ததே அதற்குத்தான் என்று தோன்றியது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை தளவானூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள் அம்மா சின்னப்பொண்ணு. கடை வாசலில் கால் தயங்கியது.

"உள்ள வரலாமா நைனா?"

"அட, வாம்மா! மகாராணி மாதிரி ஒக்காரு. எனக்கு இங்க எம்மாம் மரியாதன்னு பாரேன்."

இலை விழுந்தது. இரண்டு பாட்டில்கள் வந்தன. செல்லப்பனே பக்கத்தில் நின்று சோறு போடச் சொன்னார். ஜெயராமனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

காரக்குழம்பில் இரண்டாவது கவளம். அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணில் நீர் முட்ட, மூச்சுக்குத் திணறினாள். ஜெயராமன் பாட்டிலை எடுத்து, இறுகிக் கிடந்த தக்கையோடு மல்லுக்கட்டினான். அதற்குள் அவள் பக்கத்து இலைக்காரர் முன்னால் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து, அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

பக்கத்து இலைக்காரர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

செல்லப்பன் பதறி ஓடி வந்தார். "ஆதிமூலம், அந்தச் சொம்பத் தூக்கி வெளிய போடு!" என்றவர், ஜெயராமனின் காதருகே குனிந்தார். குரலில் அதே மரியாதை.

"இன்னா சார், சொல்லிக் கூட்டியாறதில்ல? சுனையாவது மண்ணாவது, அதுவும் இதே கெணத்துத் தண்ணிதான். உங்கள உள்ள உடலன்னா கேஸு போடுவாங்க. அதான், உங்க சனம் எங்க சொம்பத் தொட்டுடக் கூடாதேன்னு பாட்டிலு வெச்சேன்."