இடது பக்கக் கீறல்கள்

கடைக்காரர் மடக்கு சைக்கிளைத் தூக்கி மேஜைமேல் வைத்து விரித்தபோது, அவள் தன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இடது முழங்கைச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

"இதுக்குப் போய் கியர் மாட்டினா, கியருக்கு ஒரு சைக்கிள் மாட்டின மாதிரி ஆயிடும் சார். பேசாம இதைக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கங்க. எக்ஸ்சேஞ்ச் இன்னையோட முடியுது" என்றார் அவள் கணவனிடம்.

அவர் காட்டிய 'அது' கூரையிலிருந்து தொங்கியது. கறுப்பு நிறம். பெரிய சக்கரங்கள். ஒட்டகம் மாதிரி உயரம்.

அதில் ஏறினால் தன் கால் தரைக்கு எட்டாது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கணவன் தலையாட்டினான். இரண்டு வருடமாக ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு இந்தக் குட்டிச் சக்கரங்களை மிதிக்கிறவன். "பாலத்துல ஏறும்போது ஸ்கூல் பசங்க என்னைத் தாண்டிப் போறாங்க. 'அங்கிள், தள்ளிவிடவா'ன்னு வேற கேக்குறாங்க."

"பழசே நல்லாத்தானேங்க இருக்கு" என்றாள் அவள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"நல்லா இருக்குன்னு நீ சொல்ற. ஓட்டுறது நானு."



சிறு வயதில் ஒருமுறை பெரியம்மா வீட்டில் சைக்கிள் ஏறி, கொடியில் காய்ந்த போர்வைக்குள் நேராகப் புகுந்து, அதைச் சுற்றிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தாள். சொந்தக்காரர்கள் கூடினால் போதும், அந்தக் கதை வந்துவிடும். இப்போது அதைச் சொல்வதில் கெட்டிக்காரன் அவள் கணவன். அங்கே இல்லவே இல்லாதவன், எழுந்து நின்று நடித்தே காட்டுவான்.

அதனால்தான் அவனிடம் சொல்லவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமைகளாக, விடிந்ததும் எழுந்துவிடுகிற மனிதன் ஏனோ போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அந்த நேரத்தில் அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவாள். வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் கிடங்கின் முற்றத்தில், இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்க, ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் அதன் லிவரோடு மல்லுக்கட்டி, உள்ளங்கை கொப்பளித்து, ஏறி, விழுந்து, மறுபடி ஏறுவாள். படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். ஆனால் திரை மூடித்தான் இருக்கும்.

போன ஞாயிறு, கால் ஊன்றாமல் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டாள்.

இன்னும் கொஞ்சம்தான். ஒருநாள் சாயங்காலம் ரயில் நிலைய வாசலுக்கு ஓட்டிக்கொண்டே போய், அவன் இறங்கி வரும்போது மணி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் போர்வைக் கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அதற்குள் சைக்கிளே போய்விடும் போலிருந்தது.

கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு விலை போட வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பெடலின் முனையைத் தடவினார். இடது கைப்பிடியின் ரப்பர் பிய்ந்திருந்ததைக் கிள்ளினார். இடது பிரேக் கம்பி லேசாக வளைந்திருந்ததைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏன் சார், விழுறதுன்னா எப்பவும் இடது பக்கமாத்தான் விழுவீங்களா?"

அவள் அலமாரியில் இருந்த மணிகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஒன்றை எடுத்தாள். தன் விரல்கள் கண்ணில் பட்டதும் கீழே வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியைக் காணவில்லை. பாதி நகங்களில் கருஞ்சிவப்பு, மீதி வெறுமை.

கணவன் குனிந்து கீறல்களைப் பார்த்தான்.

இருக்கையைத் தன் உயரத்துக்குச் சரியாக ஏற்ற, குழாயில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறவன். செய்தித்தாளைக்கூட மடித்த மடிப்பிலேயே மடிக்கிறவன். இந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட விழாதவன்.



"ஆமாங்க" என்றான் அவன், கீறல்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இடது பக்கம் கொஞ்சம் வீக்கு."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப எக்ஸ்சேஞ்ச் போட்டுடலாமா சார்?"

அவன் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். ஆசையாகத்தான் பார்த்தான்.

"வேண்டாம். கியரும் வேண்டாம். இந்த சீட் லிவரை மட்டும் மாத்திக் கொடுங்க. ஏத்தி இறக்குறதுக்குள்ள உள்ளங்கையே போயிடுது."

"இதுக்கா சார் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" கடைக்காரர் முனகிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

கணவனின் உள்ளங்கைகளை அவள் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

புது லிவர் விரல் நுனிக்கே திறந்துகொண்டது. கடைக்காரர் அடிவரை இறங்கியிருந்த இருக்கையைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தார். குழாய் வெளியே வந்தது.

வெள்ளைக் கோட்டுக்கு வெகு முன்பாகவே ஒரு கோடு வந்தது.

ஞாயிறுதோறும் அவள் லிவரை இறுக்கி இறுக்கியதில் குழாயில் விழுந்திருந்த தழும்பின்மேல், நூல் பிடித்த மாதிரி.

கருஞ்சிவப்பில்.

"அங்கேயே நிறுத்துங்க" என்றான் அவன்.

வெள்ளைக் கோடு குழாய்க்குள்ளேயே இருந்தது.