மூன்று பிரியதத்தம்

ஜட்கா வாசலில் வந்து நின்றது. என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று லூயிசா தனக்குத்தானே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள்.

மருமகள் இறங்கினாள். பெயர் அகதா. கொரியாக்காரி.

போன வருஷம், நாற்பத்தெட்டில், ஐக்கிய நாட்டுச் சபையின் கமிஷனோடு சியோலுக்கு டைப் அடிக்கப் போன மகன் வால்டர், அந்த ஊர் மாதா கோயிலிலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டு தந்தி அடித்தான்.

தந்தியைப் படித்ததும் பக்கத்து வீட்டு ஜோன் சொன்னாள். "அவ உன் எதிர்லயே உன்னத் திட்டுவா. உன் புள்ள தலையாட்டுவான். நீ ஒண்ணும் புரியாம பல்லக் காட்டிக்கினு நிப்பே, பாரு."

அன்று ராத்திரி லூயிசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாந்தோமில் ஓய்வுக்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரச் சாமியார், பாதி ஆயுளைக் கொரியாவில் கழித்தவர். மருமகளை அவள் பாஷையிலேயே வாய் நிறைய வரவேற்கணும் சாமி என்று அவரிடம் போய் நின்றாள்.

சொன்னது பொய். ஒட்டுக்கேட்கத்தான். ஆக, பாவம் இரண்டு.

குச்சியும் வட்டமுமாய் எழுத்துகள். பிறகு உப்பு, தண்ணீர், வா, போ. மழைக்காலம் முடிவதற்குள் அவர் கொரிய பாஷையில் வேடிக்கைக் கதை சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

ஒரே ஒரு சங்கடம். சாமியார் அங்கே காலமெல்லாம், ஜனங்கள் மண்டியிட்டுத் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுக் கேட்டே பாஷை படித்தவர். பாடமும் அப்படித்தான் போனது. தினமும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பார். தப்பு விட்டால், மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் மூன்று அபராதம்.

வால்டர் ஜட்காவின் பின்னால் டிரங்குப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

அகதா படியருகே வந்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். கப்பலில் வாடிய முகம்.

லூயிசாவின் விரல் தானாக அவள் நெற்றியில் சிலுவை போட்டது. சிலுவையோடு சேர்ந்து நாக்கும் நழுவியது. கொரிய பாஷையில், அப்படியே சாமியார் குரலில்:

"மகளே, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாள் ஆகிறது?"

அகதா திடுக்கிட்டாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அந்த வாசற்படியிலேயே மண்டியிட்டு, மடை திறந்த மாதிரி பேசத் தொடங்கினாள்.

இரண்டொரு வார்த்தை தவிர லூயிசாவுக்கு எல்லாம் புரிந்தது.

கப்பல் ஏறியது முதல், முகம் தெரியாத மாமியாரைத் திட்டித் தீர்த்தாளாம். தான் கரை சேருவதற்குள் அந்தக் கிழவி கண்ணை மூடிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தாளாம்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வால்டர் வந்தான்.

"இன்னாம்மா இது? வந்ததும் வராததுமா அழவெச்சிட்டே?"

"நான் ஏன்டா அழவெக்கிறேன்? பசிக்குதாம் அவளுக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா? பெட்டிய உள்ள வை, போ."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. அது சாமியாருக்கு உள்ள சட்டம். மாமியாருக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

லூயிசா மருமகளைக் கைகொடுத்து எழுப்பினாள். அவள் காதருகே குனிந்து, அவள் பாஷையில் மெல்லச் சொன்னாள்.

"அபராதம் மூன்று பிரியதத்தம். ஒன்று உனக்கு. இரண்டு எனக்கு."